சேவலும் புறாவும் எங்கள் சேரியும்

எங்கப்பாவின் வலது முன்னங்கையில் இரட்டை இலை பச்சை குத்தியிருக்கும். இலைக்குக் கீழே எம்.ஜி.ஆர். என்று மூன்றெழுத்து. பெரியப்பா கையிலும் அதே இடத்தில் அதே இலை. 1977இல் எம்.ஜி.ஆர். ஜெயித்த வருசம், பச்சை குத்துகிற அம்மா ஒருத்தி எங்கள் காலனிக்கு வந்தபோது அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு படி கேழ்வரகு கொடுத்துக் குத்திக்கொண்டார்களாம். அப்பாவுக்கு அப்போது மீசை முளைத்திருக்கவில்லை.

அந்த இரண்டு கைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்ட கதையைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டும். நான் பிறப்பதற்கு முந்தின வருசம் நடந்தது. அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

1987 டிசம்பர் 24ஆம் தேதி எம்.ஜி.ஆர். இறந்தார். எங்கள் காலனியில் பதினேழு பேர் மொட்டை போட்டார்கள். பெற்ற தகப்பனுக்குச் செய்வதுபோல ஏரிக்கரையில் உட்கார்ந்து மொட்டை போட்டுக் குளித்துவிட்டு வந்தார்கள். பெரியப்பாவும் அப்பாவும் அதில் உண்டு.

அதே நேரத்தில் சென்னையில் வேறு ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அடுத்த தலைவர் யார்? இந்த முறை எப்படி என்று தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறேன். முதலமைச்சர் இறந்தாலோ விலகினாலோ, ஆளும் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள் கூடித் தங்களுக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பான்மை அவருக்கு இருக்கிறது என்று ஆளுநர் நம்பினால் அவரை அழைத்துப் பதவிப் பிரமாணம் செய்து வைப்பார். முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 164ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கட்சிக்காரர்கள் அந்தத் தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும், சீட்டு எழுதிப் போட வேண்டுமா, கை தூக்க வேண்டுமா, எந்த இடத்தில் கூட வேண்டும் என்று எதையும் சட்டம் சொல்லவில்லை. ஒரு பஞ்சாயத்து வார்டு தேர்தலுக்கு எத்தனை விதிகள்! ஏழு கோடிப் பேரை ஆள்கிறவரைத் தேர்ந்தெடுக்கிற அந்த அறைக்குள் ஒரு விதியும் கிடையாது. யாருக்குப் பணமும் ஆளும் வண்டியும் இருக்கிறதோ அவர் வைத்ததே அங்கே விதி.

எம்.ஜி.ஆர். மனைவி ஜானகி ஒரு பக்கம், ஜெயலலிதா ஒரு பக்கம். 1988 ஜனவரி 7இல் ஜானகி முதலமைச்சரானார். 28ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு. சட்டசபைக்குள் அடிதடி, மைக் வீச்சு. போலீஸ் உள்ளே புகுந்து தடியடி நடத்தியது. இரண்டு நாளில் ஆட்சி கலைக்கப்பட்டது. இலைச் சின்னம் முடக்கப்பட்டது. 1989 ஜனவரியில் தேர்தல் வந்தபோது ஜானகி அணிக்கு இரட்டைப்புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல்.

எங்கள் காலனி வேப்பமரத்தடியில் ஒரே ஒரு கொடிக்கம்பம்தான் இருந்தது. அதில் எந்தக் கொடி ஏறுவது? பெரியப்பா புறா. "தலைவர் சம்சாரத்த விட்டுட்டு வேற யாருக்குடா நாம கடன்பட்டிருக்கோம்" என்றாராம். அப்பா சேவல். ஓர் இரவு பேச்சு முற்றிக் கைகலப்பானது. கம்பம் சாய்ந்தது. பெரியப்பா நெற்றியில் ஏழு தையல். அப்பாவுக்கு இரண்டு பல் போனது. போலீஸ் வந்து இரண்டு தரப்பிலும் சேர்த்து ஒன்பது பேரைப் பிடித்துக்கொண்டு போனது. ஒன்பது பேரும் சேரிக்காரர்கள்.

ஜாமீனுக்கும் வக்கீலுக்கும் பணம்? ஊருக்குள் இருக்கிற ஒரு பெரிய வீட்டில்தான் வாங்கினார்கள். பெரியப்பாவும் அங்கேதான் வாங்கினார், அப்பாவும் அங்கேதான் வாங்கினார். இரண்டு வருசம் அண்ணன் ஒரு கழனியிலும் தம்பி பக்கத்துக் கழனியிலும் அந்தக் கடனுக்கு உழைத்துக் கழித்தார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல். ஊருக்குள் புறா அணிக்குத் தலைவராக இருந்தவரும் சேவல் அணிக்குத் தலைவராக இருந்தவரும் பங்காளிகள். அந்தத் தை மாதமே ஒரே பந்தியில் உட்கார்ந்து கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்கள்.

தேர்தலில் சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு 2 இடம். ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. அடுத்த மாதமே, பிப்ரவரியில், இரண்டு அணியும் ஒன்றாகிவிட்டது. இலையும் திரும்ப வந்தது. ஜானகி அரசியலை விட்டே ஒதுங்கிக்கொண்டார்.

"கட்சி சேந்துடுச்சு. இவனுங்கதான் சேரல" என்பாள் அம்மா. சாகிற வரைக்கும் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என் பூப்பு நீராட்டுக்குப் பெரியம்மா மட்டும் பின்பக்கமாக வந்து, ஒரு பித்தளைச் சொம்பை வைத்துவிட்டு அழுதுகொண்டே போனாள்.

* * *

நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். எங்கள் காலனியிலிருந்து அவ்வளவு தூரம் படித்த முதல் பெண். படித்து முடித்ததும் வேலை கிடைக்கவில்லை, இயக்கம் கிடைத்தது. மனு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் சனங்களின் மனுக்களில் பாதி சாவைப் பற்றியவை. பிணத்தை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பது.

எங்கள் மயானம் ஏரிக்குக் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம். ஊர்த் தெரு வழியாகப் போனால் தார்ச்சாலை. ஆனால் அந்தத் தெருவில் எங்கள் பாடை போகக் கூடாது. நாங்கள் வரப்பில் இறங்கி, ஓடையைக் கடந்து போக வேண்டும். வெயில் காலத்தில் பரவாயில்லை. மழைக்காலத்தில் பாடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கத்தில் பாலாற்றுப் பாலத்திலிருந்து ஒரு பிணத்தைக் கயிறு கட்டி இறக்கியதை நாடே பார்த்தது. உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அந்தப் படத்தைப் பார்த்துப் பலர் அதிர்ந்துபோனார்கள். எங்கள் காலனியில் யாரும் அதிரவில்லை. "கயிறாவது இருந்துதே" என்றார் ஒரு தாத்தா.

ஓடைமேல் ஒரு சிறுபாலம். இவ்வளவுதான் எங்கள் மனு. 2016இல் எங்கள் தொகுதியில் ஜெயித்து வந்த சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்தோம். தனித்தொகுதி. நம்மாள். காலனிக்கு வந்து ஓடையைப் பார்த்தார். தொகுதி மேம்பாட்டு நிதியில் செய்து தருகிறேன் என்றார். அந்த மனிதரைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர் பெயரும் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. அவருக்கு என்ன நடந்தது என்பதுதான் தேவை.

2016 டிசம்பர் 5இல் ஜெயலலிதா இறந்தார். அன்றிரவே ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சர். 2017 பிப்ரவரி 5இல் அவர் விலகினார், சசிகலா சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 7ஆம் தேதி இரவு பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினார். மறுநாளே சட்டமன்ற உறுப்பினர்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கடற்கரையோரம் கூவத்தூரில் ஒரு சொகுசு விடுதிக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் உறுப்பினரும் போனார்.

அந்த வாரம் வாட்ஸ்அப்பில் எல்லா உறுப்பினர்களின் தொலைபேசி எண்களும் சுற்றின. யாருக்கு ஆதரவு என்று மக்கள் கூப்பிட்டுக் கேட்டார்கள். நானும் கூப்பிட்டேன். பாலத்தைப் பற்றிக் கேட்க அல்ல, யாரைச் சொல்லப்போகிறார் என்று கேட்க. மூன்று நாள் அணைத்து வைத்திருந்த போன். நான்காவது நாள் மணி அடித்தது. எடுத்தது வேறு யாரோ. "அண்ணன் தூங்குறாரு" என்றது அந்தக் குரல். பகல் பதினோரு மணி.

அப்பா டி.வி. முன்னால் உட்கார்ந்தபடி கேட்டார், "நம்ம எம்.எல்.ஏ. யாரச் சொன்னாராம்?"

"அவர யாரும் கேக்கலப்பா. எண்ணத்தான் கூட்டிப் போயிருக்காங்க."

பிப்ரவரி 14இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சொத்துக் குவிப்பு வழக்கில் சசிகலா குற்றவாளி. அன்றே, அதே விடுதியில், எடப்பாடி பழனிசாமி சட்டமன்றக் கட்சித் தலைவர். ஒன்பது நாளுக்கு முன்னால் ஒருவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தவர்கள் இப்போது இன்னொருவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். மனம் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

18ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு. சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் ப. தனபால். அருந்ததியர். 1977இல் சங்ககிரியிலிருந்து முதல்முறை சட்டசபைக்கு வந்தவர், 2012இலிருந்து சபாநாயகர், அப்போது அவிநாசி தனித்தொகுதியின் உறுப்பினர். ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று தி.மு.க. கேட்டது. அவர் மறுத்தார். மைக் உடைந்தது, தாள் பறந்தது. சட்டையைக் கிழித்தார்கள் என்று அவரே அவையில் சொன்னார். அவர் எழுந்து போனதும் இரண்டு உறுப்பினர்கள் அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள்.

அப்பா அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் அவர்கள் உட்கார்ந்தபோதுதான் எழுந்தார். "அந்த நாற்காலியில போயி உக்கார்றானுங்க பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். தனபால் செய்தது சரியா தவறா என்பது அப்பாவுக்கு அப்போது விசயமே இல்லை. நாற்காலி விசயம். எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்தும் நாற்காலியில் உட்கார முடியாதவர்களை அவருக்குத் தெரியும். மேலவளவில் 1997இல் தலைவர் முருகேசனை எதற்காக வெட்டினார்கள் என்பதும் தெரியும்.

அன்றைக்கு 122 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு. எடப்பாடி வென்றார்.

* * *

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 21இல் எடப்பாடியும் பன்னீர்செல்வமும் கை குலுக்கிச் சேர்ந்தார்கள். தர்மயுத்தம் முடிந்தது. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சர். மறுநாள் டி.டி.வி. தினகரன் பக்கம் இருந்த 19 உறுப்பினர்கள் ஆளுநரிடம் போய், இந்த முதலமைச்சர் மீது எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அதில் எங்கள் உறுப்பினரும் ஒருவர். மறுபடியும் விடுதி. இந்த முறை புதுச்சேரி, பிறகு குடகு.

அந்த வாரக் கடைசியில் சசிகலாவின் தம்பி திவாகரன் ஒரு யோசனை சொன்னார். சபாநாயகர் தனபாலை முதலமைச்சராக்கலாம் என்று.

எங்கள் இயக்கத் தோழர்கள் டீக்கடையில் கூடிவிட்டோம். 1920இல் சென்னை மாகாணத்தில் முதல் தேர்தல் நடந்ததிலிருந்து அன்றுவரை இந்த மண்ணில் தலித் ஒருவர் முதலமைச்சரானதில்லை. ரெட்டியார், நாயுடு, அய்யங்கார், நாடார், முதலியார் என்று எத்தனை பேர்! 1954இல் ராஜாஜி விலகியபோது காமராசரும் சி. சுப்பிரமணியமும் மோதினார்கள். 93க்கு 41 என்று காமராசர் வென்றார். பி. பரமேஸ்வரனுக்கு அறநிலையத் துறை கொடுத்தார், அது பெரிய காரியந்தான். ஆனால் போட்டியில் நிற்கிற இடத்தில் நம்மாள் பெயர் அடிபட்டதே இல்லை. 1969இல் அண்ணா இறந்தபோதும் கருணாநிதியா நெடுஞ்செழியனா என்றுதான் கேள்வி. இப்போது முதல்முறையாக நம்மாள் பெயர் ஒருவர் வாயில் வந்திருக்கிறது.

"யாரு சொன்னா இன்னா? நம்மாளு வரட்டும்" என்றார் மூத்த தோழர் ஒருவர்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்றிரவு உட்கார்ந்து ஒரு துண்டறிக்கை எழுதினேன். 'தமிழகத்தின் முதல் தலித் முதல்வர்: யாருடைய கணக்கானாலும் வரவேற்போம்' என்று தலைப்பு. எழுதும்போது கை நடுங்கியது, சந்தோசத்தில். காலையில் அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

அப்பா நிதானமாகக் கேட்டார். பிறகு சொன்னார், "பஸ்ஸுல சீட்டு புடிக்க இன்னா பண்ணுவாங்க? ஜன்னல் வழியா துண்டப் போடுவாங்க. போட்டவன் ஏறி வந்ததும் துண்ட எடுத்து ஒதறித் தோள்ல போட்டுக்கினு உக்காந்துடுவான். நம்மளத் தோள்ல துண்டு போட உடாதவங்க, இப்ப நம்மளையே துண்டாப் போட்டு சீட்டு புடிக்கப் பாக்குறாங்க. நீ அதுக்கு நோட்டீசு அடிக்கிற."

நான் அந்தத் துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் கிழித்தும் போடவில்லை. இன்னும் வைத்திருக்கிறேன், என் ஆசையின் சாட்சியாக.

அப்பா படிக்காதவர். அவர் சொன்னதற்கு நான் படித்த வரலாற்றில் ஆதாரம் தேடினேன். தேடத் தேடக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

ஆந்திராவில் தாமோதரம் சஞ்சீவய்யா. இந்தியாவிலேயே முதல் தலித் முதலமைச்சர். 1960 ஜனவரியில் நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸ் தலைவராகி டெல்லிக்குப் போனபோது அந்த இடத்தில் இவர். 1962இல் ரெட்டி திரும்பி வந்தார். துண்டை எடுத்து உதறிவிட்டு உட்கார்ந்தார். பீகாரில் போலா பாஸ்வான் சாஸ்திரி மூன்றுமுறை முதலமைச்சர். 1968க்கும 1972க்கும் நடுவில் மூன்றும் சேர்த்தால் ஒரு வருசத்துக்குக் கொஞ்சம் கீழே. அதில் ஒருமுறை இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. மகாராட்டிரத்தில் 2003இல் விலாஸ்ராவ் தேஷ்முக் போய் சுசீல்குமார் ஷிண்டே வந்தார். 2004இல் அவர் தலைமையில் தேர்தல் நடந்து கூட்டணி ஜெயித்த பிறகு மறுபடியும் தேஷ்முக். பீகாரில் 2014 மே மாதம் நிதீஷ்குமார் விலகி ஜித்தன்ராம் மாஞ்சியை உட்கார வைத்தார். ஒன்பது மாதத்தில் நிதீசுக்கு நாற்காலி திரும்ப வேண்டியிருந்தது. மாஞ்சி எழுந்திருக்க மறுத்தார். முசகர் சாதியில் பிறந்த ஒரு மனிதர் 'துண்டு நானில்லை, ஆள் நான்' என்று சொல்லிப் பார்த்தார். கட்சி உறுப்பினர்களைக் கூட்டி நிதீசைச் சட்டமன்றக் கட்சித் தலைவராக்கினார்கள். மாஞ்சி விலகினார். பிறகு 2021 செப்டம்பரில் பஞ்சாபில் அமரிந்தர் சிங்குக்கும் சித்துவுக்கும் சண்டை. யாரை வைத்தாலும் இன்னொருவர் ஒப்பவில்லை என்றபோது சரண்ஜித் சிங் சன்னி வந்தார். ஆறு மாதம் ஆகவில்லை, தேர்தலில் தோற்றுப்போனார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஜெகஜீவன்ராம். 1977இல் ஜனதா ஜெயித்தபோது தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஜெயப்பிரகாஷ் நாராயணும் கிருபளானியும் உறுப்பினர்களைக் கலந்துகொண்டு மொரார்ஜி தேசாயை அறிவித்தார்கள். 1979இல் மொரார்ஜி விழுந்தார், அடுத்து வந்த சரண்சிங்கும் விழுந்தார். அப்போது ஜனதா நாடாளுமன்றக் கட்சித் தலைவர் ஜெகஜீவன்ராம்தான். அவரைக் கூப்பிட்டு, உனக்குப் பெரும்பான்மை இருக்கிறதா காட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். குடியரசுத் தலைவர் கேட்கவில்லை. ஆகஸ்ட் 22இல் மக்களவையையே கலைத்துவிட்டார். அந்தக் குடியரசுத் தலைவர் யார்? நீலம் சஞ்சீவ ரெட்டி. சஞ்சீவய்யா எழுந்து இடம் கொடுத்தாரே, அதே ரெட்டி.

இவர்களெல்லாம் திறமையில்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஜெகஜீவன்ராம் போல நிர்வாகம் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஆனால் அவர்களுடைய திறமை வேண்டியிருந்தபோது அவர்களை யாரும் கூப்பிடவில்லை. மேலே இருக்கிறவர்கள் தங்களுக்குள் ஒருத்தரை ஒருத்தர் விடாதபோதுதான் கூப்பிட்டார்கள். சண்டை தீர்ந்ததும் போகச் சொன்னார்கள். மாயாவதி மட்டும் வேறு. 2007இல் உத்தரப்பிரதேசத்தில் 206 இடம் ஜெயித்து வந்தபோது எந்த விடுதியிலும் யாரும் அவர் தலையை எண்ணவில்லை. கட்சி அவருடையது, கணக்கும் அவருடையது. கன்சிராம் இருபது வருசம் சைக்கிள் மிதித்துச் சேர்த்த கணக்கு அது.

* * *

தனபால் முதலமைச்சராகவில்லை. அந்த யோசனை சொல்லப்பட்டு மூன்று வாரம் கழித்து, 2017 செப்டம்பர் 18இல், அவர் ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். 19 பேரில் ஒருவர் திரும்பிவிட்டார். மீதி 18 பேரும் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்கீழ் தகுதி நீக்கம். 1985இல் வந்த அந்தச் சட்டம், கட்சியின் கட்டளையை மீறுகிறவரின் பதவியைப் பறிக்கும். அதை விசாரித்து முடிவு செய்கிற அதிகாரம் சபாநாயகருக்கு. பிப்ரவரியில் கட்டளையை மீறி அரசுக்கு எதிராகவே ஓட்டுப் போட்ட 11 பேர் மீது நடவடிக்கை இல்லை. அவர்களுடைய தலைவர்தான் துணை முதலமைச்சராகிவிட்டாரே. ஆளுநருக்குக் கடிதம் கொடுத்த 18 பேருக்குப் பதவி போனது.

அந்தப் பட்டியலை நான் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு படித்தேன். பூந்தமல்லி. குடியாத்தம். அரூர். நிலக்கோட்டை. பெரியகுளம். மானாமதுரை. பரமக்குடி. ஒட்டப்பிடாரம். எட்டும் தனித்தொகுதி. தமிழ்நாட்டில் 234இல் 44 தொகுதி நமக்கு. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வெட்டுப்பட்ட 18இல் 8 நம்முடையவை, கிட்டத்தட்டப் பாதி. அந்த எட்டில் ஒன்று எங்கள் தொகுதி.

வெட்டுப்பட்டதில் பாதி நம் தலை. கையெழுத்துப் போட்டது நம் கை. ஆட்சி நிலைத்தது யாருக்கு? கட்சியைக் கைப்பற்ற மோதிக்கொண்டவர்கள் யார்? பழனிசாமி, பன்னீர்செல்வம், தினகரன் என்கிற அந்தப் பெயர்களில் ஒன்றாவது சேரியிலிருந்து வந்ததா?

ஏன் இத்தனை பேர் நம்மவர்கள் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். 1932 செப்டம்பரில் பூனாவில் காந்தி உண்ணாவிரதமிருந்து தனி வாக்காளர் தொகுதியைப் பறித்தார். பதிலுக்குக் கிடைத்தது தனித்தொகுதி. இதில் நிற்பது நம்மாள், ஓட்டுப் போடுவது எல்லாரும். ஆகவே சேரிக்காரனின் ஓட்டை மட்டும் வைத்து யாரும் ஜெயிக்க முடியாது. சீட்டுக் கொடுக்கிற மாவட்டச் செயலாளருக்குப் பயப்பட வேண்டும், ஊருக்குப் பயப்பட வேண்டும். சொந்தமாகச் சாதி பலமும் பண பலமும் இல்லாதவர் ஏதாவது ஒரு பெரிய கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். எந்தக் கை தனக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்ததோ அந்தக் கை போகிற பக்கம் போக வேண்டும். கை ஜெயித்தால் இவருக்கு வாரியம். தோற்றால் முதலில் இவர் போவார். அம்பேத்கர் கடைசிவரைக்கும் இந்த ஒப்பந்தத்தை எதிர்த்து எழுதிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான்.

உத்தரவு வந்து பத்து நாள் கழித்து நாங்கள் நாலு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். வாசலில் செருப்புகள் இல்லை. அவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "உங்க பாலம் கோப்பு போயிடுச்சும்மா, இப்ப என் கையில ஒண்ணுமில்ல" என்றார். அவர் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். திரும்பி வரும்போது எங்களில் யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு நீதிமன்றம். 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் இரண்டு தீர்ப்பு. அக்டோபர் 25இல் மூன்றாம் நீதிபதி தகுதி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் முடிந்து முடிவு வந்தது 2019 மே 23இல். இருபது மாதம் எங்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. மனுவை எங்கே கொண்டுபோனாலும் "ஒங்க தொகுதி காலிம்மா" என்றார்கள்.

அந்தக் காலியில்தான், 2018 கார்த்திகை மாதத்தில், பெரியப்பா செத்தார்.

மூன்று நாளாக மழை. ஓடையில் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. பெரியம்மா வந்து எங்கள் வாசலில் நின்றாள், முன்வாசலில். ஒன்றும் சொல்லவில்லை. அப்பா துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பினார். கிட்டத்தட்ட முப்பது வருசம் பேசாத அண்ணன். குளிப்பாட்டும்போது அப்பாதான் தண்ணீர் ஊற்றினார். பெரியப்பாவின் கையில் அந்த இலை தோல் சுருங்கி, பச்சை கறுத்துப்போய்க் கிடந்தது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார், அழுக்கைத் தேய்ப்பது மாதிரி.

பெண்கள் மயானத்துக்கு வரக் கூடாது என்பார்கள். நான் போனேன். ஓடைக்கரையில் பாடையை இறக்கி வைத்து, ஆறு பேர் உள்ளே இறங்கி, தலைக்கு மேலே தூக்கினார்கள். அப்பாவுக்கு வயது ஆகிவிட்டது, வேண்டாம் என்றார்கள். கேட்கவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில், இரண்டு கையையும் மேலே தூக்கி அண்ணனைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வலது கையில் இலை நனைந்து பளபளத்தது. நடு ஓடையில் ஒருமுறை கால் இடறியது. கரையில் நின்றவர்கள் கத்தினோம். அப்பா விடவில்லை.

அன்றிரவு அவர் சொன்ன ஒரே பேச்சு இது: "அந்தம்மா ரெண்டு பேரும் ஒரு மாசத்துல சமாதானம் ஆயிட்டாங்க. எங்களுக்குச் சொல்லி அனுப்ப ஒரு ஆளு இல்லாமப் போயிட்டுது."

* * *

சிறுபாலம் பிறகு வந்தது. பாலத்திலிருந்து மயானம் வரைக்கும் இன்னும் வரப்புதான். அதற்கு வேறு மனு.

2021 தேர்தலில் தனபால் மறுபடியும் அவிநாசியில் வென்றார். கூவத்தூரிலிருந்து புறப்பட்ட சண்டைகள் அதற்குப் பிறகும் நீதிமன்றம் நீதிமன்றமாகப் போயின. அதையெல்லாம் எழுதப் பத்திரிகைகள் இருக்கின்றன. நான் எழுத வந்தது வேறு. மேலே யார் தலைவர் என்கிற சண்டை நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நம் தோழர்கள் சிலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. கம்பம் சாய்வது நம் வேப்பமரத்தடியில். தையல் நம் நெற்றியில். கோப்பு காணாமல் போவது நம் பாலத்துடையது. சம்பந்தமில்லாதது நம் வாய் மட்டும்.

நம் வீட்டையும் பார்க்க வேண்டும். அம்பேத்கர் கனவு கண்ட குடியரசுக் கட்சி 1957இல் தொடங்கி எத்தனை துண்டானது என்று நமக்குத் தெரியும். எங்கள் சின்ன இயக்கமே மாவட்டச் செயலாளர் யார் என்பதில் இரண்டாகிவிட்டது. அதில் நான் எந்தப் பக்கம் நின்றேன், யாரிடம் பேசாமலிருக்கிறேன் என்பதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பெரியப்பா சாவுக்குப் பிறகு அந்தத் தோழருக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் வந்தது.

2021இல் ஓட்டுக் கேட்டு வேட்பாளர்கள் காலனிக்கு வந்தபோது நாங்கள் பெண்கள் பதினைந்து பேர் ஒரு கேள்வி வைத்திருந்தோம். பாலம், பட்டா எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியாகக் கேட்டோம்: "நாளைக்குத் தலைவரு யாருன்னு ஒங்க கட்சியில சண்டை வந்தா, பஸ்ஸுல ஏறதுக்கு முன்னாடி இங்க வந்து எங்களக் கேப்பீங்களா?"

ஒருவர் சிரித்தார். ஒருவர் தலைமை முடிவு செய்யும் என்றார். இன்னொருவர் பதில் சொல்லாமல், எங்கப்பாவின் கையைப் பிடித்து அந்த இலையைப் பார்த்து, "அய்யா பழைய ஆளு போல" என்றார்.

அப்பா கையை உருவிக்கொண்டார். "புள்ளைங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுப்பா" என்றார்.